மார்கழியில் ஒரு மசக்கை

பி.காம். படித்தவர்களுக்கு சஸ்பென்ஸ் அக்கவுண்ட் தெரிந்திருக்கும். டிரயல் பாலன்ஸ் டேலி ஆகாமல் முந்நூற்றுப் பதினேழு ரூபாய் இடிக்கிறது. ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் எவன் தேடுவது? அந்த வித்தியாசத்தைத் தூக்கி சஸ்பென்ஸில் போட்டுவிட்டு பஸ் பிடிக்கப் போய்விடலாம். தப்பு இருந்த இடத்திலேயேதான் இருக்கும். ஆனால் டேலி ஆகிவிடும்!

எங்கள் வீட்டு சஸ்பென்ஸ் அக்கவுண்ட், மார்கழிப் பனி. அம்மாவுக்கு முழங்கால் வலியா? பனி. தோசை மாவு பொங்கவில்லையா? பனி. நான் ஆபீஸுக்கு லேட்டா? அதுவும் பனி. இத்தனைக்கும் சென்னையில் மார்கழி விடியற்காலை என்பது இருபது, இருபத்தொரு டிகிரி. ஊட்டிக்காரர்கள் கேட்டால் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டுச் சிரிப்பார்கள். நாங்கள் மஃப்ளர் கட்டிக்கொண்டு மூக்கை உறிஞ்சுவோம்.

2024 டிசம்பரில் எங்கள் காரின் ஸ்டீரிங் இறுகிப்போனபோதும் பனிக் கணக்கில்தான் எழுதினோம்.

காரைப் பற்றிக் கொஞ்சம். 2009 மாடல், சின்ன வண்டி, செகண்ட் ஹாண்ட். கம்பெனி பெயர் வேண்டாம். அதன் மேல் ஒரு தப்பும் இல்லை என்பது போகப் போகத் தெரியும். அப்பாவுக்காக வாங்கினேன். அவர் மவுண்ட் ரோடு ஆபீஸ் ஒன்றில் முப்பத்திரண்டு வருஷம் டிரைவர். முப்பத்திரண்டு வருஷமும் அம்பாசடர். பவர் ஸ்டீரிங் கிடையாது. பவர் எல்லாம் அப்பாவின் தோளில் இருந்தது. அடுத்தவர் வண்டியையே ஓட்டிக்கொண்டிருந்தவர், சொந்த வண்டியில் உட்கார்ந்தது அறுபத்தைந்தாவது வயதில். முதல் நாள் ஸ்டீரிங்கை ஒற்றை விரலால் இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, "என்னடா இது, மோர் கடையற மாதிரி இருக்கு" என்றார். கொஞ்சம் அவமானப்பட்டது போலத்தான் சொன்னார். ஆனால் அன்று சாயங்காலம் மட்டும் மூன்று தடவை பெட்ரோல் பங்க்குக்குப் போய்க் காற்று செக் பண்ணிக்கொண்டு வந்தார்!

வீடு சிந்தாதிரிப்பேட்டையில். 1734-ல் கும்பினிக்காரர்கள் நெசவாளர்களைக் குடியேற்றி உண்டாக்கிய பேட்டை இது. சின்னத் தறிப் பேட்டைதான் சிந்தாதிரிப்பேட்டை ஆயிற்று என்பார்கள். தறி போட இடம் விட்ட புண்ணியவான்கள் கார் திருப்ப இடம் விடவில்லை. மூன்று பக்கமும் கூவம் வளைத்துக்கொண்டு நிற்கிறது. மிச்சமுள்ள பக்கத்தில் மீன் வண்டி நிற்கும். எங்கள் தெருவிலிருந்து காரை வெளியே எடுப்பது என்றால் முன்னே இரண்டடி, பின்னே இரண்டடி, மறுபடி முன்னே இரண்டடி என்று ஒரு சின்ன பரதநாட்டியம். வண்டி ஓடும்போது ஸ்டீரிங் இலகுவாக இருக்கும். நின்ற இடத்தில் திருப்பினால் டயர் தரையோடு தேய்த்துக்கொண்டு திரும்ப வேண்டும். அங்கேதான் கனம் தெரியும். ஆகவே ஸ்டீரிங்கில் என்ன கோளாறு வந்தாலும், அண்ணா நகர்க்காரர்களுக்கு ஆறு மாதம் கழித்துத் தெரிவது எங்களுக்கு ஆறே நாளில் தெரிந்துவிடும்.

மார்கழி வந்தால் அம்மாவுக்குத் திருவல்லிக்கேணி. பார்த்தசாரதி கோயில் திருப்பாவையை விட மாட்டாள். முன்பெல்லாம் நடந்தே போவாள். இப்போது முழங்கால் ஒத்துழைக்காததால் கார். பார்த்தனுக்குக் கிருஷ்ணன், அம்மாவுக்கு அப்பா.

அந்த வருஷம் மார்கழி பிறந்த முதல் வாரத்திலேயே அப்பா, "ஸ்டீரிங் கனக்குதுடா" என்றார். "பனி" என்றேன், பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல். நான்கு நாள் கழித்து மறுபடி சொன்னார். அம்மா அவர் தோளில் தைலம் தேய்த்துவிட்டாள். கவனியுங்கள். கனக்கிறது என்று சொன்னது ஸ்டீரிங்கை. தைலம் போனது தோளுக்கு.

அடுத்த நாள் அது நடந்தது. விடியற்காலை நாலே முக்கால். தெருமுனையில் இடப்பக்கம் வளைக்கிறார். சாதாரணமாக எந்தக் காரிலும் வளைந்து முடித்ததும் பிடியைத் தளர்த்தினால் ஸ்டீரிங் தானாகவே உருண்டு நேராகும். அன்றைக்கு ஆகவில்லை. வளைத்த இடத்திலேயே பிடித்துக்கொண்டு நின்றுவிட்டது. வண்டி இடப்பக்கமாகவே போகிறது. அங்கே ஒரு பெண் வாசலில் குனிந்து கோலம் போட்டுக்கொண்டிருக்கிறாள். அப்பா பிரேக்கை மிதித்துவிட்டார். ஒரு முழ தூரத்தில் நின்றது பம்பர். கோலமாவு டப்பா மட்டும் டயருக்கடியில் நசுங்கிவிட்டது. அந்தப் பெண் கத்தக்கூட இல்லை. உட்கார்ந்தபடியே அப்பாவைப் பார்த்தாளாம். பின்சீட்டிலிருந்த அம்மா சொன்னது இது. அப்பா ஒன்றுமே சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து சாவியை டி.வி. மேல் வைத்தார். "இனிமே நீயே ஓட்டு" என்றார்.

அவ்வளவுதான். குடும்பம் ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேற்றிவிட்டது. கோயமுத்தூரிலிருந்து அக்கா போனில், "எழுபத்தொரு வயசாச்சு, இதுவே ஜாஸ்தி. உன் நல்ல நேரம், ஒண்ணும் ஆகலை" என்றாள். நானும் உள்ளுக்குள் நிம்மதிப்பட்டேன். பொய் சொல்வானேன்? அப்பாவை ஒரு டாக்டரிடம் அழைத்துக்கொண்டு போனேன். அவர் கையைத் தூக்கச் சொன்னார், மடக்கச் சொன்னார், பின்னால் கொண்டுபோகச் சொன்னார். "இந்த வயசுக்கு நல்லாத்தான் இருக்கு. தோள் லேசா இறுக்கம்" என்றார். எங்களுக்கு அந்த 'லேசா இறுக்கம்' போதுமானதாக இருந்தது.

இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. காரை மெக்கானிக்கிடம் காட்டுவதற்கு முன்னால் அப்பாவை டாக்டரிடம் காட்டியிருக்கிறோம்!

மறுநாள் அம்மாவுக்கு நான் சாரதி. வண்டியைக் கிளப்பி முதல் இரண்டடி திருப்பியபோதே தெரிந்துவிட்டது. எனக்கு முப்பத்தாறு வயது. எந்த டாக்டரும் என் தோளில் இறுக்கம் இருப்பதாகச் சொன்னதில்லை. ஆனாலும் ஸ்டீரிங் ஒரு இடத்தில் இறுகி, ஒரு இடத்தில் சட்டென்று இளகி, மறுபடி இறுகி... திருவல்லிக்கேணி போய்ச் சேர்வதற்குள் பாதி சரியாகிவிட்டது. வண்டி சூடானால் சமர்த்து. காலையில் மட்டும் முரண்டு.

ஆபீஸில் சொன்னேன். ஆளுக்கொரு மருந்து.

பக்கத்து சீட்டுக்காரர், "டயர்ல காத்து பாருப்பா. குளிர்ல காத்து சுருங்கும்" என்றார். நியாயமான யோசனை. காற்று குறைந்தால் டயர் தரையில் அகலமாகப் பரவும், ஸ்டீரிங் கனக்கும். ஆனால் எவ்வளவு குறையும்? பத்து டிகிரி குளிர்ந்தால் சுமார் ஒன்றரை பவுண்ட். முப்பது பவுண்ட் இருக்கிற டயரில் ஒன்றரை போனதற்கு ஒரு கார் இவ்வளவு அழாது. (ஊட்டியில் இது இன்னும் வேடிக்கை. சென்னையில் முப்பது பவுண்ட் பிடித்துக்கொண்டு உறைபனிக்காலத்தில் அங்கே போனால் குளிர் நாலு பவுண்டைப் பிடுங்கிக்கொள்ளும். ஆனால் ஏழாயிரம் அடிக்கு மேல் வெளிக்காற்றின் அழுத்தமே மூன்றரை பவுண்ட் போலக் குறைந்துவிடுவதால், கேஜ் கிட்டத்தட்ட அதே முப்பதைக் காட்டும். மலை ஒரு கையால் எடுத்து மறு கையால் கொடுத்துவிடுகிறது!)

டொரான்டோவிலிருக்கும் சித்தப்பா பையன் வாட்ஸ்அப்பில் வந்தான். "இங்கே மைனஸ் இருபதில் தினமும் இப்படித்தான்" என்றான். அவன் சொன்னதும் உண்மைதான். எங்கள் வண்டியில் இருப்பது பழைய எண்ணெய் பவர் ஸ்டீரிங். என்ஜின் ஓடும்போது ஒரு பெல்ட் சின்ன பம்ப்பைச் சுற்றும். பம்ப் எண்ணெயை அழுத்தி, நாம் திருப்புகிற பக்கம் தள்ளிவிடும். மைனஸ் இருபதில் அந்த எண்ணெய் பாகு மாதிரி தடித்துக்கொண்டு பம்ப்பை முனக வைக்கும். ஐந்து நிமிஷத்தில் சூடேறி இளகிவிடும். ஆனால் ப்ளஸ் இருபதில் எந்த எண்ணெய் பாகாகும்?

அவனே இன்னொன்றும் சொன்னான். 1980-களில் அமெரிக்கக் கார்கள் சிலவற்றில் காலையில் மட்டும் ஸ்டீரிங் கனக்கும், சூடானதும் சரியாகிவிடும். உள்ளே எண்ணெயைப் பிரித்துவிடும் வால்வின் சீல்கள், அலுமினியக் கூட்டை உரசி உரசிப் பள்ளம் பறித்ததுதான் காரணம். அங்கத்திய மெக்கானிக்குகள் இதற்கு வைத்த பெயர் 'மார்னிங் சிக்னஸ்'. அதாவது மசக்கை! அம்மாவிடம் சொன்னேன். "மசக்கைன்னா மாங்காய் கேக்குமேடா" என்றாள்.

எங்கள் கார் மாங்காய் கேட்கவில்லை, ரேக் கேட்டது. அதாவது, நான் கொண்டுபோய் விட்ட ஒரு பெரிய சர்வீஸ் சென்டர் கேட்டது. ஏ.சி. அறையில் டை கட்டிய பையன் ஒருவன், "வண்டி பழசு சார். குளிர்ல இப்படித்தான் இருக்கும். ரேக் அசெம்பிளியே மாத்திடலாம்" என்று எஸ்டிமேட் நீட்டினான். அந்தத் தொகைக்கு எங்கள் காரில் பாதியை வாங்கிவிடலாம். அவன் வண்டியின் கீழே குனிந்துகூடப் பார்க்கவில்லை. டை இடித்திருக்கும், பாவம்.

கடைசியில் புதுப்பேட்டைக்குப் போனேன். சிந்தாதிரிப்பேட்டைக்காரன் முதலிலேயே போயிருக்க வேண்டிய இடம். கூவத்தைத் தாண்டினால் புதுப்பேட்டை. தென்னாட்டில் செத்த கார்களெல்லாம் கூறு கூறாக வந்து சேரும் இடம். அங்கே அப்பாவின் அம்பாசடர் காலத்து சிநேகிதர், ஒரு மெக்கானிக் பாய். விஷயத்தைச் சொன்னதும் அவர் கேட்ட முதல் கேள்வி: "அண்ணன் வரலியா?"

"அவர் இப்போ ஓட்டறதில்லை பாய்."

"ஓட்ட வேணாம். கூட்டிட்டு வா தம்பி."

அப்பா வர மறுத்தார். டீ குடிக்கத்தான் என்று பொய் சொல்லி அழைத்துப் போனேன்.

பாய் செய்த வைத்தியத்தை விவரமாகவே சொல்கிறேன். உங்கள் வண்டிக்கும் ஒருநாள் உதவும். முதலில் டயர் காற்று. சரியாக இருந்தது. அடுத்து பானெட்டைத் திறந்து எண்ணெய் டப்பா. இரண்டு கோட்டுக்கும் நடுவில் இருந்தது. கறுக்கவில்லை, நுரைக்கவில்லை. அப்புறம் பெல்ட். கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். தொய்வு இல்லை. பெல்ட் தொய்ந்தால் காலையில் ஸ்டீரிங்கை ஓரம்வரை ஒடிக்கும்போது 'கீச்' என்று கத்தும். எங்கள் வண்டி கத்தவில்லை. (இப்போதைய கார்கள் முக்கால்வாசியில் எலெக்ட்ரிக் ஸ்டீரிங். அதில் டப்பாவும் கிடையாது, பெல்ட்டும் கிடையாது. பானெட்டைத் திறந்து தேடிவிட்டு, திருடு போய்விட்டது என்று போலீஸுக்குப் போக வேண்டாம். உங்களுக்கு பாட்டரியும் டாஷ்போர்டு லைட்டும்தான் முதல் சாட்சி.)

மூன்றும் சரி என்றதும் பாய் இரண்டு முன்சக்கரங்களையும் ஜாக்கி வைத்துத் தூக்கி, அடியில் ஸ்டாண்டு கொடுத்தார். என்ஜினை ஆஃப் செய்தார். இப்போது டயருக்கும் தரைக்கும் சம்பந்தமில்லை, பம்ப்புக்கும் வேலையில்லை. இந்த நிலையிலும் ஸ்டீரிங் ஒரே சீராகத் திரும்பாமல் பிடித்தால், எண்ணெய் மேல் பழி இல்லை. எங்கேயோ இரும்போடு இரும்பு மல்லுக்கு நிற்கிறது என்று அர்த்தம்.

என்னைத் திருப்பச் சொல்வார் என்று நினைத்தேன். "அண்ணே, நீ உட்காரு" என்றார் பாய்.

அப்பா தயங்கினார். என்னைப் பார்த்தார். பிறகு உட்கார்ந்தார். ஸ்டீரிங்கில் இரண்டு கையையும் வைத்து, கண்ணை மூடிக்கொண்டார். மெதுவாக ஒரு சுற்று, திரும்ப ஒரு சுற்று.

"ஒரு சுத்துக்கு ரெண்டு இடத்துல பிடிக்குது பாய்" என்றார். "இங்க ஒண்ணு. நேரெதிர்ல ஒண்ணு. நடுவுல சும்மா வருது."

பாய் என் பக்கம் திரும்பி, "கேட்டுக்கினியா? முடிஞ்சது" என்றார். குனியாமலே, நோயைக் கண்டுபிடித்தாகிவிட்டது.

விஷயம் இதுதான். டிரைவர் பிடிக்கும் ஸ்டீரிங் கம்பி நேராகக் கீழே இறங்கி ரேக்கைத் தொட முடியாது. நடுவில் வளைய வேண்டும். அந்த வளைவில் ஒரு யுனிவர்சல் ஜாயின்ட் இருக்கும். புதுப்பேட்டை பாஷையில் 'கிராஸ்'. கைக்கு மணிக்கட்டு மாதிரி. பெருக்கல் குறி போன்ற ஒரு துண்டு, நாலு முனையிலும் ஊசி ஊசியாகப் பேரிங், உள்ளே கொஞ்சம் கிரீஸ். இதில் ஒரு அச்சு துருப்பிடித்து இறுகினால், ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு இடத்தில் பிடிக்கும், நடுவில் விடும். வளைந்த ஸ்டீரிங் தானாக நேராகாது. விடியற்காலை ஈரத்தில் துருவும், காய்ந்த கிரீஸும் கெட்டியாக இருக்கும். கால் மணி நேரம் ஓடினால் என்ஜின் சூட்டிலும் அசைவிலும் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும். காலையில் மட்டும் முரண்டு பிடித்ததன் ரகசியம் அதுதான். பனி அதைக் காட்டிக்கொடுத்தது, அவ்வளவே.

பாய் பெயின்ட்டால் ஒரு அடையாளக் கோடு போட்டுவிட்டு, போல்ட்டைக் கழற்றி, அந்த ஜாயின்ட்டை வெளியே எடுத்தார். (கோடு போடாமல் கழற்றினால் திரும்ப மாட்டும்போது ஸ்டீரிங் கோணலாக நிற்கும். ஏர்பேக் உள்ள வண்டியில், கழற்றின பிறகு ஸ்டீரிங்கைச் சும்மா சுற்றிவிட்டால் உள்ளே இருக்கும் சுருள் ஒயரே அறுந்துபோகும். நீங்களாக ஸ்பானரைத் தூக்கிக்கொண்டு இறங்காதீர்கள்.) என் உள்ளங்கையில் வைத்தார். ஒரு பக்கம் சுலபமாக ஆடியது. மறுபக்கம் இரண்டு கையாலும் முறுக்கினாலும் அசையவில்லை. முனையில் செம்மண் மாதிரி துரு.

"வெள்ளத்துல நின்ன வண்டியா?" என்றார்.

2023 டிசம்பர் 3, 4. மிக்ஜாம் புயல். வண்டி இரண்டு நாள் பம்பர் உயரத் தண்ணீரில் நின்றது. தண்ணீர் வடிந்ததும் சீட்டைக் காயவைத்தோம், என்ஜின் ஆயில் மாற்றினோம், கார்பெட்டை மொட்டை மாடியில் உலர்த்தினோம், ஊதுவத்தி கொளுத்தினோம். இந்தச் சுண்டுவிரல் நீளத் துண்டை யாரும் நினைக்கவில்லை. அது ஒரு வருஷம் பொறுமையாகத் துருப்பிடித்து, அடுத்த மார்கழிக்குச் சரியாக ஆஜராகியிருக்கிறது.

"எண்ணெய் விட்டா சரியாகுமா பாய்?" என்று கேட்டேன். ஒரு வாரம் ஆகும், அப்புறம் மறுபடி பிடிக்கும் என்றார். சரி, புதுப்பேட்டையிலேயே இருக்கிறோம். நாலு கடை தள்ளி, செத்த வண்டியிலிருந்து கழற்றிய நல்ல ஜாயின்ட் சல்லிசாகக் கிடைக்குமே? என் கணக்கு மூளை அப்படித்தான் போகும். அதைக் கேட்டதும் பாய்க்குக் கோபமே வந்துவிட்டது.

"கதவு, கண்ணாடி, சீட்டு... எது வேணா பழசு போடு. ஸ்டீரிங்குக்கும் பிரேக்குக்கும் பழசு போட என் கைல கேக்காத தம்பி. அது எந்தத் தண்ணில நின்ன வண்டியோ?"

ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டுக்குப் போய்ப் புதுசு வாங்கி வந்தேன். ரேக் எஸ்டிமேட்டில் அது பத்தில் ஒரு பங்குகூட இல்லை. மாட்டியதும் பாய் மறுபடி அப்பாவையே உட்கார வைத்தார். அப்பா மறுபடி கண்ணை மூடிக்கொண்டு ஒரு முழுச் சுற்று சுற்றினார். ஒன்றும் சொல்லவில்லை. பாய் டீ சொன்னார். அப்பாவிடம் சொன்ன பொய் உண்மையாயிற்று.

டீ குடிக்கும்போது மெதுவாகக் கேட்டேன். "ஏம்ப்பா, சுத்துக்கு ரெண்டு இடத்துல பிடிக்குதுன்னு உங்களுக்கு அப்பவே தெரியுமா?"

"தெரியும்."

"சொல்லியிருக்கலாமே?"

"சொன்னேனேடா, கனக்குதுன்னு. நீங்க எல்லாரும் கைதான்னீங்க." டம்ளரைச் சுற்றிக்கொண்டே இருந்தார். "டாக்டரும் அப்படிச் சொன்னப்புறம் எனக்கே சந்தேகம் வந்துடுச்சு. கைதானோ என்னவோன்னு."

எனக்கு டீ இறங்கவில்லை. அக்காவுக்கு அங்கேயே போன் போட்டு விஷயத்தைச் சொன்னேன். கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் சத்தமே இல்லை. "அப்பாகிட்ட கொடு" என்றாள். அவர்கள் என்ன பேசினார்கள் என்று தெரியாது. நான் டீக்குக் காசு கொடுக்கப் போய்விட்டேன்.

வீட்டுக்குத் திரும்பும்போது நான்தான் ஓட்டினேன். அப்பா கேட்கவில்லை, நானும் நீட்டவில்லை. ராத்திரி சாவியை டி.வி. மேலேயே வைத்தேன். காலை நாலரைக்கு எழுந்து பார்த்தால் சாவி அங்கே இல்லை. வாசலில் வண்டி உறுமிக்கொண்டிருந்தது. அம்மா பின்சீட்டில் பூக்கூடையோடு உட்கார்ந்திருந்தாள். அப்பா மஃப்ளரோடு முன்னால். துருப்பிடித்த அந்தப் பழைய ஜாயின்ட், டாஷ்போர்டில் பிள்ளையாருக்குப் பக்கத்தில்!

சும்மா இருக்க முடியாமல் நானும் ஏறிக்கொண்டேன். முன்னே இரண்டடி, பின்னே இரண்டடி. தெருமுனை வந்தது. அப்பா இடப்பக்கம் வளைத்தார். வளைத்து முடித்ததும் பிடியைத் தளர்த்தினார். ஸ்டீரிங் அவர் உள்ளங்கைகளுக்குள் வழுக்கிக்கொண்டு தானாக நேரானது. என்னைத் திரும்பிப் பார்ப்பார் என்று எதிர்பார்த்தேன். பார்க்கவில்லை.

கோலம் போட்டுக்கொண்டிருந்த அந்தப் பெண்தான், எங்கள் வண்டியைப் பார்த்ததும் புது டப்பாவைத் தூக்கிக்கொண்டு படியேறி நின்றுவிட்டாள்.